அக்குளின் கருமை



இன்று நான் பேச எடுத்துக்கொண்டுள்ள பொருள், அக்குள் கறுத்துப்போதல். இதைக் கேட்டவுடன் உங்களுள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு நகைப்பீர்கள் என்பதை அறிவேன். கக்கம் என்றும் கமுக்கட்டு என்றும் வழங்கும் அவ்விடத்தைப் பற்றி வானொலியில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று பெரியோர் சிலர் முகம் சுளிக்கவும் கூடும். கண்ணைப் பற்றியும் பல்லைப் பற்றியும் பேசினால் அறிவியல் என்கிறோம். அக்குளைப் பற்றிப் பேசினால் மட்டும் நாகரிகமன்று என்கிறோம். இந்தக் கூச்சத்தினால் விளைந்த கேட்டை நான் நேரில் கண்டவன். கண்டவன் மட்டுமல்லன், அக்கேட்டில் எனக்கும் பங்குண்டு. ஆதலின் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்ற காலத்தில் உடல்நலமும் தூய்மையும் பற்றி எங்களுக்குப் பாடம் நடந்தது. வாரத்தில் ஒரு நாள் காலை வழிபாட்டுக்குப் பின் மாணாக்கரை வரிசையாக நிறுத்தி, நகம், பல், தலைமயிர், கழுத்து ஆகியவற்றைப் பார்வையிட வேண்டும் என்பது அதில் நாங்கள் கற்ற விதி. பள்ளியில் அமர்ந்த நாள் முதலாக அவ்விதியை நான் வழுவாமல் கடைப்பிடித்து வந்தேன். 1996ஆம் ஆண்டு என் பொறுப்பில் இருந்த எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவன் ஊரும் பேரும் வேண்டா. சற்றே பருத்த உடல். ஆயினும் கபாடி ஆட்டத்தில் கெட்டிக்காரன். அவனுடைய பிடரியில், மையைக் குழைத்துத் தடவினாற்போலக் கரிய பட்டை ஒன்று படர்ந்திருந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டி, "உன் கழுத்தில் கீரை விதை தூவினால் முளைத்துவிடும் போலிருக்கிறதே!" என்றேன். வரிசை முழுவதும் சிரித்தது. குழாயடிக்குச் சென்று தேய்த்துக் கழுவிவிட்டு வா என்று அனுப்பினேன்.

அடுத்த திங்களன்றும் கருமை அப்படியே இருந்தது. "அழுத்தித் தேய்" என்றேன். அதற்கடுத்த வாரம் பிடரியில் தோல் உரிந்து செம்புண் தெரிந்தது. தேங்காய் நாரும் நுரைக்கல்லும் கொண்டு தேய்த்திருக்கிறான். புண்ணைச் சுற்றிலும் கருமை மட்டும் நீங்கவில்லை. இதற்குள் பிள்ளைகள் அவனுக்குக் 'கீரைப்பாத்தி' என்று பெயரிட்டுவிட்டார்கள். கபாடிக்குக் கையில்லாத பனியன் அணிவது வழக்கமன்றோ? அதை அணிந்தபோது அக்குளிலும் அதே கருமை என்பது எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. அவன் ஆட்டத்தை விட்டுவிட்டான். சோம்பல் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

2009ஆம் ஆண்டு, நான் தலைமையாசிரியனாய் இருந்த பள்ளிக்கு ஓர் இளைஞன் வந்து வணங்கினான். அவனேதான். இருபத்திரண்டு வயதில் தனக்கு நீரிழிவு நோய் கண்டதென்று பேச்சுவாக்கில் சொன்னான். இரத்தத்தைச் சோதிக்குமுன்னரே மருத்துவர் அவன் சட்டைக் காலரை விலக்கிப் பார்த்து, "இது எத்தனை ஆண்டாக இருக்கிறது?" என்று வினவினாராம். "பள்ளிக்கூடத்தில் ஐயாதான் முதன்முதலில் பார்த்தார்கள் என்று சொன்னேன்" என்றான். அவன் குரலில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. அதனால் எனக்கு அன்றிரவு உறக்கமும் இல்லை.

நிற்க. அழுக்கல்ல என்றால் அந்தக் கருமைதான் யாது?

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் எனும் நிறமி. மேல்தோலின் அடிவரிசையில் உள்ள சில உயிரணுக்கள், டைரோசின் என்னும் அமினோ அமிலத்தைக்கொண்டு அதைச் செய்து, அண்டையிலுள்ள உயிரணுக்களுக்குச் சிறுசிறு பொட்டலங்களாகப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. வெள்ளையர்க்கும் நமக்கும் இந்நிறமி உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. பொட்டலத்தின் பருமனிலும் சுறுசுறுப்பிலுமே வேறுபாடு. எந்த மேனியிலும் மடிப்புள்ள இடங்கள் மற்ற இடங்களைவிடச் சற்றுக் கறுத்திருப்பது இயற்கை. உங்கள் அக்குள் முகத்தின் நிறத்தில் இல்லையே என்று வருந்துவது, உள்ளங்கை புறங்கையின் நிறத்தில் இல்லையே என்று வருந்துவதை ஒக்கும். இந்த இயற்கையான கருமைக்கு மருந்து வேண்டா.

இயற்கைக்கு மேற்பட்ட கருமை பல வழிகளில் வரும். அவற்றுள் மிகுதியும் காணப்படுவது உராய்வும் எரிச்சலும் தரும் கருமை. நம்மைப் போன்ற மாநிறத்தார் தோலுக்கு ஒரு குணம் உண்டு. எங்கே சிறு அழற்சி உண்டாயினும், அது ஆறிய பின் அவ்விடத்தில் நிறமியை மிகுதியாகக் கொட்டி வைக்கும். கொசுக்கடி ஆறிய இடத்தில் கரும்புள்ளி பல வாரம் நிற்பதைக் காணவில்லையா? அக்குளிலும் அதுவே நிகழ்கிறது. மழிதகட்டால் வறட்சியாகச் சிரைத்தல், முடி நீக்கும் களிம்பு, இறுக்கமான செயற்கை இழைச் சட்டை, மணப்பொருள் கலந்த டியோடரன்ட் ஆகிய ஒவ்வொன்றும் நாள்தோறும் சிறு எரிச்சலைத் தரவல்லது. எரிச்சல் கண்ணுக்குத் தெரியாமற் போகலாம். அது விட்டுச்செல்லும் கருமை தெரியும்.

இங்கே தோல் மருத்துவர்கள் கையாளும் நுட்பம் ஒன்றைச் சொன்னால் அறிவியல் மாணவர்கள் மகிழ்வீர்கள். ஒவ்வாமை அக்குளின் நடுக்குழியில் தங்கியிருந்தால், அங்கே பூசிய டியோடரன்டின் மீது ஐயம் செல்லும். நடுக்குழியை விட்டுவிட்டு விளிம்பைச் சுற்றி வளைந்திருந்தால், அங்கே உரசும் சட்டையின் சாயத்தின்மீது ஐயம் செல்லும். நோயாளி வாய் திறவாமலே நோயின் இருப்பிடம் பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது.

மற்றொரு வகை நுண்ணுயிரால் வருவது. எரித்ராஸ்மா என்று பெயர். பழுப்புச் செம்மை நிறத்தில் மெல்லிய செதில் படர்ந்திருக்கும். வியர்வை மிகுந்த நம் நாட்டுக்குப் புதிதன்று. ராபர்ட் வில்லியம்ஸ் வுட் என்ற அமெரிக்க இயற்பியல் அறிஞர் 1903இல் ஒருவகைக் கறுப்புக் கண்ணாடியை அமைத்தார். அது புற ஊதாக் கதிரை விட்டுக் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிடும். அக்கண்ணாடி பொருத்திய விளக்கை இருட்டறையில் எரித்ராஸ்மா படர்ந்த அக்குளில் காட்டினால், அவ்விடம் பவளம்போல் சிவந்து ஒளிரும்! அந்த நுண்ணுயிர் உண்டாக்கும் போர்ஃபிரின் என்னும் பொருளே அவ்வாறு ஒளிர்வது. தக்க மருந்து பூசினால் இது தீர்ந்துவிடும். படர்தாமரை என்னும் பூஞ்சை நோயும் தன் விளிம்பில் அரிப்பும் வளையமும் காட்டி, ஆறும்போது கருமையை விட்டுச் செல்வதுண்டு.

இனி, அந்தப் பையனிடம் வருகிறேன். அவனுக்கு இருந்தது இவற்றுள் ஒன்றுமன்று. அதற்கு அகாந்தோசிஸ் நைக்ரிகான்ஸ் என்று பெயர். முள் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லும் கறுத்துவருவது என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லும் சேர்ந்தது அப்பெயர். இதை 1890ஆம் ஆண்டு பாலிட்சர், யானோவ்ஸ்கி என்னும் இரு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்தனர். விரலால் தடவிப் பார்த்தால் வெல்வெட்டுத் துணிபோல் இருக்கும். நுணுகிப் பார்த்தால் தோல் தடித்து வரிவரியாக மடிந்திருக்கும். பிடரி, அக்குள், தொடையிடுக்கு ஆகியவை இதற்கு உகந்த இடங்கள். சிலருக்கு விரல் முட்டிகளிலும் தோன்றும். அரிப்போ வலியோ பெரும்பாலும் இராது.

தோலில் தோன்றினும் இதன் வேர் தோலில் இல்லை. நாம் உண்ணும் உணவிலிருந்து வரும் சர்க்கரையை உயிரணுக்கள் ஏற்றுக்கொள்ளும்படி செய்வது, கணையம் சுரக்கும் இன்சுலின். உடற்பருமன், உழைப்பின்மை, குடும்பவழி முதலிய காரணங்களால் சிலருடைய உயிரணுக்கள் இன்சுலினின் கட்டளைக்குச் செவிசாய்க்கத் தயங்கும். வகுப்பு அடங்கவில்லை என்றால் ஆசிரியர் குரலை உயர்த்துவது போலக் கணையமும் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கும். அவ்வாறு மிகுந்த இன்சுலின் தோலுக்கு வருங்கால், அங்கே வளர்ச்சியைத் தூண்டும் வேறொரு பொருளுக்கென அமைந்த வாயில்களில் புகுந்து, தோலின் உயிரணுக்களைப் பெருகும்படி ஏவுகிறது. தோல் தடிக்கிறது; மடிகிறது; கறுப்பாகத் தோன்றுகிறது. நிறமி கூடியதைக் காட்டிலும் தோல் தடித்ததே இக்கருமைக்குப் பெருங்காரணம். தடித்து வளர்ந்த தோலை நாரால் தேய்த்து அகற்ற முயல்வது எங்ஙனம் கூடும்? தேய்க்கத் தேய்க்கத் தோல் மேலும் தடிக்குமே ஒழியக் குறையாது. என் மாணவனை நான் மூன்று வாரம் தேய்க்கச் சொன்னேன்.

இன்சுலினுக்கும் இத்தோல் மாறுதலுக்கும் உள்ள இத்தொடர்பை 1976இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் தெளிவுபட எழுதினர். ஆகவே நான் அப்பையனைக் கண்ட 1996இல் இது மருத்துவர்கள் அறிந்த செய்திதான். அது என் பயிற்சிப் பாடத்தை எட்டவில்லை. ஆனால் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 1999ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றினார்கள். மெக்சிகோ எல்லைப்புறப் பள்ளிகளில் கண்பார்வை, செவிப்புலன், முதுகெலும்பின் கோணல் ஆகியவற்றைச் சோதிக்கும்போதே மாணாக்கரின் பிடரியையும் பார்க்க வேண்டும் என ஏற்பாடாயிற்று. இக்குறி தென்பட்டால், பிள்ளையை மருத்துவரிடம் காட்டுமாறு பெற்றோருக்குக் கடிதம் செல்லும். மூன்றாண்டு இடைவெளியில் நானும் பிடரியைப் பார்த்தேன். அங்கிருந்த பள்ளிச் செவிலியரும் பிடரியைப் பார்த்தனர். அவர்கள் கடிதம் எழுதினர். நான் கீரை விதை பேசினேன்.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். இக்கருமை உள்ளவரெல்லாம் நீரிழிவு நோயாளர் அல்லர். நீரிழிவு வருவதற்குப் பல ஆண்டு முன்னரே இது தோன்றிவிடக்கூடும். அப்போது இரத்தச் சர்க்கரை சரியான அளவிலேயே இருக்கலாம். அதுவே இதன் பெரும்பயன். திருடன் வீட்டினுள் புகுந்த பின் குரைக்கும் நாயினும் தெருமுனையில் வரும்போதே குரைக்கும் நாய் நல்லதன்றோ? சில குடும்பங்களில் வேறு நோய் எதுவுமின்றிப் பரம்பரையாக வருவதும் உண்டு. மாதவிடாய் ஒழுங்குதப்பி, முகத்தில் முடியும் மிகுந்து, இக்கருமையும் தோன்றினால், மாணவியர் அதை மறைக்காமல் தாயிடம் சொல்லி மருத்துவரைக் காண வேண்டும். சினைப்பைக் கோளாறு ஒன்றில் இம்மூன்றும் சேர்ந்து வரும். சில மருந்துகளாலும் இது வரக்கூடும். முதியவர் ஒருவருக்கு இக்கருமை திடீரெனத் தோன்றி விரைந்து படர்ந்து, உடலும் மெலிந்து, உள்ளங்கையும் உதடும் தடிக்குமாயின், வயிற்றுப் புற்று முதலிய கொடிய நோய் உள்ளே இருக்கலாம். இஃது அரிது, ஆயினும் வீட்டில் பாட்டன் பாட்டியர் உள்ளவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவத்துக்கு வருவோம். உராய்வாலும் எரிச்சலாலும் வந்த கருமைக்கு முதல் மருத்துவம், எரிச்சலை நிறுத்துவது. டியோடரன்டைச் சில வாரம் விட்டுப் பாருங்கள். சிரைப்பதற்கு மாறாகக் கத்தரிக்கோலால் முடியைக் குறைத்துக்கொள்ளுங்கள். தளர்ந்த பருத்திச் சட்டை அணியுங்கள். மென்மையான சோப்பால் கையாலேயே கழுவி, ஈரத்தை ஒற்றி எடுங்கள். உடனே பலன் தெரியாது. மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. ஆழ்ந்த நிறம் மங்குவதற்குப் பல மாதங்கள் வேண்டும். அதன் பின்னும் குறையாவிடில் அசெலாயிக் அமிலம், ரெட்டினாயிடு முதலிய பூச்சு மருந்துகள் மருத்துவர் கையில் உண்டு.

எலுமிச்சம்பழத்தை அறுத்துச் சமையற் சோடாவில் தோய்த்து அக்குளில் தேய்க்கும் வழக்கம் பரவியிருக்கிறது. வேதியியல் மாணவர் இதைக் கேளுங்கள். தோலின் பிஎச் அளவு ஏறக்குறைய 5. எலுமிச்சைச் சாறு 2க்கு அருகில். சோடாக் கரைசல் 8க்கு மேல். ஒரே இடத்தை அமிலத்தால் சுட்டுக் காரத்தால் அரித்தால் அழற்சி வராமல் வேறென்ன வரும்? அழற்சி வந்தால் கருமை வரும் என்று சற்று முன்னர்த்தான் சொன்னேன்.

இதனினும் அஞ்சத்தக்கவை, கடையில் தாமாகவே வாங்கிப் பூசும் வெளுப்புக் களிம்புகள். இவற்றின் வரலாறே விந்தையானது. அமெரிக்காவில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் ரப்பர்க் கையுறை அணிந்து வேலை செய்த கறுப்பினத் தொழிலாளரின் கைகள் திட்டுத்திட்டாக வெளுத்துப்போயின. ஆராய்ந்தவர்கள், ரப்பர் கெடாதிருக்கக் கலந்த ஒரு பொருளே இதற்குக் காரணம் என்று 1939இல் வெளியிட்டனர். அஃது ஹைட்ரோகுவினோன் என்னும் பொருளின் உறவு. ஹைட்ரோகுவினோனோடு வேறிரண்டு மருந்துகளைச் சேர்த்து, நிறம் குறைக்கும் களிம்பு ஒன்றை 1975இல் கிளிக்மன் என்னும் மருத்துவர் வகுத்தளித்தார். மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்கள் பயன்படுத்தின் அஃது இன்றும் நல்ல மருந்தே. ஆனால் அதே 1975இல் தென்னாப்பிரிக்காவில் ஃபிண்ட்லே என்னும் தோல் மருத்துவர், ஹைட்ரோகுவினோன் களிம்பை ஆண்டுக்கணக்கில் பூசிவந்த பெண்களின் முகம் வெளுப்பதற்கு மாறாக நீலக்கருமையாகிப் போனதை எழுதினார். வெளுக்கப் பூசியது, நீங்காக் கருமையில் கொண்டுபோய் விட்டது.

ஸ்டீராய்டு கலந்த களிம்பு அக்குளுக்கு மேலும் கேடு. 1967இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியின்படி, முன்கைத் தோல் உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்தின் அளவை 1 என்று கொண்டால், அக்குள் 3.6 மடங்கு உறிஞ்சுகிறது. அங்கே தோல் மெல்லியது, இரு புறமும் மூடியது, எப்போதும் ஈரமானது. ஆகவே மாதக்கணக்கில் பூசினால் தோல் காகிதம்போல் மெலிந்து, கோடுகோடாய்ப் பிளந்து தழும்பாகும். அத்தழும்பு பிறகு மறையாது. பாதரசம் கலந்த களிம்புகளும் சந்தையில் மறைவாக உலவுகின்றன. கேரளத்தில் மலப்புரம் வட்டாரத்தில் 2021க்கும் 2023க்கும் இடையில் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 15 பேரை வினவியபோது, அவர்களுள் 13 பேர் முகம் வெளுக்கும் களிம்பு பூசியவர்கள் என்று தெரியவந்தது. தோலின் மேல் பூசியது சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிட்டது.

இன்சுலின் மிகையால் வந்த கருமைக்கு, மேற்பூச்சு துணை மருந்தேயாகும். உடல் எடையைக் குறைத்து, நாள்தோறும் உடலை உழைக்கச் செய்வதே தலைமருத்துவம். எடை குறையும்போது இன்சுலினும் குறையும். தோலும் மெல்ல மென்மையாகும். உயரத்துக்கேற்ற எடையைக் கணக்கிடும் குறியீடு 25 வரை நலம் என்பது மேலைநாட்டு அளவு. ஆசிய மக்களாகிய வளர்ந்தோர்க்கு 23லேயே விழிப்பு வேண்டும் என்பர். தேவை கண்டால் மருத்துவர் மருந்தும் தருவார்; மருந்தை நீங்களாக வாங்காதீர்கள். என் மாணவனுக்கு எடை 11 கிலோ குறைந்த பின் பிடரியின் கருமை பாதிக்கு மேல் மங்கிவிட்டது. அக்குளில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று சொல்லிக் கையை உயர்த்திக் காட்டினான். நாற்பது வயது கடந்தவன், தன் பிள்ளைகளோடு இப்போது மாலையில் கபாடி ஆடுகிறானாம்.

கடைசியாக, வெல்வெட்டுப் போன்ற தடித்த கருமையைப் பிடரியிலோ அக்குளிலோ காண்பவர்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அரசு மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவுக்குச் செல்லுங்கள். வீட்டில் யாருக்கேனும் நீரிழிவு உண்டா என்பதையும், கருமை எப்போது தொடங்கியது என்பதையும், இதுவரை என்னென்ன பூசினீர்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். களிம்புக் குழாய் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். காலையில் உண்ணாமல் சென்றால் அன்றே இரத்தம் எடுத்துச் சோதிக்க எளிதாயிருக்கும். உணவுக்கு முன் சர்க்கரை 100க்குக் கீழ் இருப்பது நலம். 100 முதல் 125 வரை எச்சரிக்கை நிலை. 126ஐ எட்டினால் மறுமுறை சோதித்து மருத்துவர் முடிவு சொல்வார். சர்க்கரை சரியாயிருக்கிறது என்று சொன்னாலும், கருமை இருக்கும் வரையில் ஆண்டுக்கு ஒரு முறை சோதித்துக்கொள்வது பற்றி அவரிடமே கேட்டு வாருங்கள்.

ஆசிரிய நண்பர்கள் எவரேனும் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த திங்கட்கிழமை வரிசையில் அத்தகைய பிடரி ஒன்று தென்படும்போது, அப்பிள்ளையைத் தனியே அழைத்து, அவன் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.